பதினாறேகால் அங்குலம்

வரைபலகைக்கு நாற்பது டாலர் சொன்னார்கள்.
தேவாலயத்து நிலவறை விற்பனை, கிளீவ்லாண்டின் பிராட்வே தெரு.
முப்பத்தைந்துக்கு முடித்தேன்.
கார்க் கூரையில் கட்டி வீடு சேர்வதற்குள்
ஈரி ஏரியிலிருந்து பனி வந்துவிட்டது.
(ஈரி ஏரி. இருபது வருடமாகச் சொல்கிறேன்,
இன்னும் நாக்கு ஒருமுறை சிரித்துக்கொள்கிறது.)

இழுப்பறையின் அடிவயிற்றில் ஒட்டிக் கிடந்தது தாள்.
ஒரு பந்தய விமானம்,
நீளவாக்கில் கீறிய மீன் போல
முள் முள்ளாய்.
மூலையில் லா. விரானெக் என்று கையெழுத்து,
முப்பது என்று தொடங்கித்
தண்ணீர்க் கறையில் முடியும் ஆண்டு.

நான் பேரிங் கம்பெனியில் வரைபடம் சரிபார்ப்பவள்.
பிறர் கோட்டில் பிழை பார்த்து அரிசி வாங்குகிறேன்.
ஆகவே முதலில் எடைப் பட்டியல்.
மனிதர் கழித்துக்கொண்டே போகிறார்.
பிரேக்கைக் கழித்திருக்கிறார், புல்தரை நிறுத்திக்கொள்ளும் என்று.
இருக்கை மெத்தையை.
வண்ணத்தில் ஒரு பூச்சை: மூன்று பவுண்டு.
இறக்கை விலாக்களில் வட்ட வட்டமாய்த் துளையிட்டு
துளைகளை மட்டும் தனியே கூட்டி வைத்திருக்கிறார்:
ஒரு பவுண்டு ஏழு அவுன்ஸ் காற்று.
பொழுதுக்கும் இதே சொல்தான் நமக்கு.
எத்தனை ராத்திரிகளைக் கழித்தாரோ
அந்த ஏழு அவுன்சுக்கு.

விமானி அமரும் குழியில் மட்டும்
இரண்டு கோடுகள்.
வெளிக்கோடு மையில்: இருபதரை அங்குலம்.
உள்கோட்டை அழித்திருக்கிறார்,
தாளின் தோல் உரியும்வரை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது:
பதினாறேகால்.
பக்கத்தில், பென்சிலில், 'ஓப்பல்'.

இரண்டு சனிக்கிழமைகள் நூலகத்து மைக்ரோஃபிலிமில் போயின.
ஓப்பல் ஹார்ஷ்மன்,
தொலைபேசி நிலையத்தில் இரவுப் பணி,
நானூற்றுப் பத்து மணி நேரம் பறந்தவள்.
செய்தித்தாள் முதலில் அவள் தொப்பியின் நிறத்தைச் சொன்னது.
பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால்
இந்த ஆண்டு பெண்களுக்கு இடமில்லை என்றது.
காரணமும் போட்டிருந்தார்கள், அரைப் பத்தி.
படித்தேன். இங்கே எழுத மாட்டேன்.

வந்தவன் கிளைட் ராட்டன்பெர்க்.
நல்ல விமானி. அகன்ற தோள். அது அவன் தப்பில்லை.
விரானெக் ரம்பத்தை எடுத்திருக்கிறார்.
அதுவரை கழித்தல் குறி மட்டுமே ஓடிய பட்டியலில்
முதல் கூட்டல் குறி:
தகடு, ஆணி, புடைப்புக்கு ஒரு மூடி, மனிதன்.
ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதியிருக்கிறார்,
பின்பக்கம் விரலால் தடவிப் படிக்கலாம்.

பத்துச் சுற்று. கட்டங்கட்டமாய் வண்ணமடித்த கம்பங்களை
இடது இறக்கை உரசாமல் வளைத்து வளைத்து
இரண்டாமிடம். நான்கு வினாடி பின்னால்.
மறுநாள் முதல் பக்கத்தில் ஒரு படம்,
'பந்தயத்தை ரசிக்கும் கூட்டம்'.
எல்லோர் முகமும் வானத்தில்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் குனிந்திருக்கிறாள்,
மடியில் வேர்க்கடலைப் பை,
உள்ளங்கையில் நிறுத்துக் கடிகாரம்.
தொப்பி என்ன நிறமோ, படம் கறுப்பு வெள்ளை.

திங்கள்கிழமை ஆபீசில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்,
அந்த உடம்பைப் பழைய அகலத்துக்கே குறுக்கிக்
காற்றின் எதிர்ப்பைக் கணக்குப் போட்டேன்.
ஆறு வினாடி மிச்சம்.
இரண்டு முறை போட்டேன். ஆறுதான்.
யாரிடம் போய்ச் சொல்ல?
தயிர்சாதம் ஆறிப் போயிருந்தது, அது எப்போதுமே ஆறியதுதான்.

ராத்திரி சுவரில் முதுகை ஒட்டி நின்று
தோளின் இரண்டு பக்கமும் பென்சிலால் குறித்துக்கொண்டு
விலகி அளந்தேன்.
கோட்டுடன் பதினெட்டு.
கோட்டைக் கழற்றினால் பதினாறே முக்கால்.
முழு மூச்சையும் வெளியே விட்டு, பதினாறரை.

இன்னும் கால் அங்குலம்.
குளிர்காலம் முடியட்டும்.